வந்தியத்தேவன் இன்னும் ஏரிக்கரையிலதான் நிக்கான்

எய்யா, நீ பேசி அனுப்பினது வந்து சேந்தது. "தாத்தா, படிக்கறதுக்கு கிண்டில் வாங்கவா, டேப்லெட் வாங்கவா? காலம்பூரா லைப்ரரியில இருந்தீங்க, ஒரு முடிவு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கே. பக்கத்துல பூப்பறிச்சிக்கிட்டிருந்த உங்க ஆச்சி அதக் கேட்டுட்டு, "ஏன், அவன் படிக்கவா போறான்?"ன்னு ஒரே கேள்வியில முடிச்சிட்டா. நான் அவள அதட்டி வச்சேன். பேரன் ஆசையா கேக்கான், முதல்ல பதில் சொல்லுவோம், சந்தேகத்த அப்புறமாப் படுவோம்னேன்.

ஆனாலும் ஒண்ணு கேக்கேன், கோவிக்காதே. சென்னைப் புத்தகக் கண்காட்சியில பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் வாங்கி, மேசை மேல அடுக்கி, பக்கத்துல ஒரு காப்பிக் கோப்பையும் வச்சுப் படம் பிடிச்சு குடும்ப குரூப்புல போட்டியே. அத்தைமாரு, சித்திமாரு எல்லாரும் கை தட்டுனாவ. பொறவு உங்க வீட்டுக்கு வந்தப்போ மெதுவா அந்த முதல் பாகத்த எடுத்துப் பாத்தேன். ஆரம்பத்துலேயே, நாலு தாள் தள்ளி, ஒரு மெட்ரோ ரயில் டிக்கெட்ட அடையாளம் வச்சிருக்கே. மத்த நாலு பாகத்துக்கும் சுத்தியிருந்த கண்ணாடித்தாளு கூடக் கிழியல. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரைக்குக் குதிரையில வந்த வந்தியத்தேவன் இன்னும் அங்கனயேதான்லே நிக்கான். நீ பக்கத்தத் திருப்பினாத்தான அவன் கடம்பூர் போய்ச் சேருவான்? அதுவரைக்கும் அந்தக் குதிரைக்குக் கொள்ளு யாரு வைக்கது?

சரி, போகட்டும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்கன்னு பழைய ஆளுக சொல்லுவாவ. உன்னச் சொல்லல. பொதுவாச் சொல்லுதேன்.

உங்க துபாய் மாமா போன தடவ வந்தப்போ ஒரு கிண்டில் கொண்டாந்து குடுத்தார்லா, அதத்தான் நான் திண்ணையில வச்சுப் படிக்கேன். மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல உக்காந்தாலும் எழுத்து மங்காது. வெயில் ஏற ஏற இன்னும் நல்லாத் தெரியும். உன் போனையோ டேப்லெட்டையோ அதே திண்ணையில பிரிச்சா என்ன தெரியும்? உன் மூஞ்சி தெரியும், பின்னால கரண்டுக் கம்பியில உக்காந்திருக்கிற காக்கா தெரியும், கதை மட்டும் தெரியாது. கண்ணாடிக்குள்ள இருந்து வெளிச்சம் அடிக்கித சாமான் அது. சூரியனோட போட்டி போட அதால முடியுமா?

கிண்டில் விசயம் வேற. அதுக்குள்ள இருக்கது மை. தலைமுடி கனத்துல பொடிப்பொடியா லட்சக்கணக்கான குமிழி. ஒவ்வொரு குமிழிக்குள்ளயும் தெளிஞ்ச எண்ணெய் மாதிரி ஒரு திரவம், அதுல வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கும். வெள்ளைக்கு ஒரு வகை மின்னேற்றம், கறுப்புக்கு அதுக்கு எதிர் வகை. அடியில இருந்து கரண்ட இப்பிடிக் குடுத்தா வெள்ளை மேல வரும், மாத்திக் குடுத்தா கறுப்பு மேல வரும். வந்தது வந்த எடத்துல நிக்கும். அப்புறம் கரண்ட் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் அது சோறு கேக்கும். நீ ஒரே பக்கத்த வச்சுக்கிட்டு நாள் பூரா தூங்கினாலும் பேட்டரிக்குப் பெரிய செலவு இல்லே. அந்த வகையில உனக்காகவே செஞ்ச சாமான்தான், ஒத்துக்கிடுதேன்.

அமெரிக்காவுல எம்.ஐ.டி.ன்னு பெரிய படிப்புச் சாலை இருக்குல்லா, அங்க இருந்த ஆளுக 1997ல ஈ இங்க்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு இந்த மையக் கொண்டாந்தாவ. 2004ல ஜப்பான்ல சோனிக்காரன் இத வச்சு லிப்ரியேன்னு ஒரு படிப்பான் செஞ்சு வித்தான், பெருசா எடுபடல. 2007 நவம்பர்ல அமேசான்காரன் 399 டாலருக்கு கிண்டில கொண்டாந்தான். அஞ்சரை மணி நேரத்துல அம்புட்டும் வித்துத் தீந்துச்சாம். 2010ல ஐபேட் வந்ததும், இனி கிண்டில யாரு சீண்டுவான்னு பேசுனாவ. பேசினவன்லாம் அதுக்கப்புறம் நாலஞ்சு டேப்லெட் மாத்திட்டான். கிண்டில் அது பாட்டுக்கு இருக்கு.

குத்தம் இல்லாம இல்லே. பக்கத்தத் திருப்பினா கண்ணச் சிமிட்டின மாதிரி சட்டுனு ஒரு கறுப்பு அடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம் வரும். சில நேரம் முந்தின பக்கத்து எழுத்தோட நிழல் லேசா அடியில நிக்கும். ஆச்சி அதப் பாத்துட்டு, "என்னங்க, ஸ்லேட்டுல சரியாத் துடைக்காம எழுதின மாதிரி இருக்கு"ன்னா. விரலால தொட்டா உடனே ஓடாது, யோசிச்சுத்தான் ஓடும். உன்னமாதிரி ஒரு நொடியில நாலு தடவ தேய்க்கிற ஆளுக்கு முதல் வாரம் கோவம் வரும். ராத்திரி படிக்கதுக்கு ஓரத்துல சின்னச் சின்ன விளக்கு வச்சிருக்கான். அது கண்ணப் பாத்து அடிக்காது, பக்கத்து மேல படுத்து ஓடும். 2012ல பேப்பர்வைட்னு ஒண்ணு வந்ததுல இருந்து இந்த ஏற்பாடு.

எடையச் சொல்ல மறந்துட்டேன். சின்ன கிண்டில் 158 கிராம். பத்தாந் தலைமுறை ஐபேட் 477 கிராம். மல்லாந்து படுத்துப் படிக்கும்போது தூக்கம் வந்து கை தளந்தா, 158 கிராம் விழுந்தா முழிப்புத் தட்டும், 477 கிராம் விழுந்தா மூக்குத் தட்டும். உங்க பரம்பரை மூக்கு ஏற்கெனவே கொஞ்சம் எடுப்பு. யோசிச்சுக்கோ.

இப்போ டேப்லெட்டு பக்கம் வாரேன். அதுல படிக்க முடியாதுன்னு எவனும் சொல்ல முடியாது. கிண்டில் ஆப்பும் அதுல ஓடும், பத்திரிகையும் ஓடும், கலர்ப்படமும் ஓடும். எல்லாம் ஓடும்ங்கதுதான் வியாதி. டேப்லெட்டுல நாவல் படிக்கது, ஆனித் தேரோட்டத்து அன்னைக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதி நடுவுல பாய விரிச்சு ராமாயணம் படிக்கது மாதிரி. படிக்கலாம். எவனும் தடுக்க மாட்டான். ஆனா பலூன்காரன் ஊதுவான், அல்வாக்கடைக்காரன் கூப்பிடுவான், தேரு வேற அசைஞ்சு வந்துக்கிட்டிருக்கும்.

போன தீவாளிக்கு நீ இங்க வந்தப்போ நான் நாற்காலியில கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்லா, தூங்குதேன்னு நெனச்சே. தூங்கல. ஒரு சிறுகதையத் திறந்தே. ஒரு பத்தி படிச்சிருப்பே. 'டிங்'குன்னுச்சு, ஆபீஸ்ல எவனோ தீவாளி வாழ்த்து. அவனுக்கு ஒரு பொம்மைய அனுப்பினே. அப்பிடியே கிரிக்கெட் ஸ்கோர் பாத்தே. அதுல வந்த விளம்பரத்துல இருந்து ஒரு ஜோடி பூட்ஸ் விலை விசாரிச்சே. அதுக்கப்புறம், துருப்பிடிச்ச அருவாள ஒருத்தன் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்குத வீடியோவ வாயத் தொறந்துக்கிட்டு முக்கா மணி நேரம் பாத்தே. நம்ம வீட்டு அருவாளு கொல்லையில துருவேறிக் கெடக்கு, ஆச்சி தேங்கா வெட்ட முடியாம திட்டுதா. அத ஒரு நாளாச்சும் தொட்டியா? எவனோ ஒருத்தன் அருவா பளபளக்கதுல உனக்கு அம்புட்டுச் சந்தோசம். அந்தச் சிறுகதை எழுதினவரு பாவம், ரெண்டாவது பத்தியில உனக்காகக் காத்துக்கிட்டே இருந்திருப்பாரு.

நம்ம தொழில்ல எஸ்.ஆர். ரங்கநாதன்னு ஒரு பெரிய மனுசர், சீர்காழிக்காரர், 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார். அதுல நாலாவது, வாசகனோட நேரத்த மிச்சப்படுத்தணும்ங்கது. தப்பான அலமாரியில தேடி ஆளு அலையக் கூடாதுன்னு யோசிச்சவரு அவரு. அலமாரியே எந்திரிச்சு வந்து அருவா வீடியோ காட்டும்னு அந்தப் புண்ணியவான் கனவுல கூட நெனச்சிருக்க மாட்டார்.

கண்ணுக்கு எது நல்லதுன்னு கேட்டிருந்தே. கண்ணு போகுதோ இல்லையோ, தூக்கம் போகும். பாஸ்டன்ல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2014ல போட்டாவ. 12 பேரப் பிடிச்சு, படுக்கதுக்கு முன்னால நாலு மணி நேரம், அஞ்சு ராத்திரி ஐபேடுல படிக்க வச்சாவ. இன்னொரு அஞ்சு ராத்திரி காகிதப் புஸ்தகம். ஐபேடு ராத்திரிகள்ல தூக்கம் வாரதுக்கு ஒரு பத்து நிமிசம் கூட ஆச்சு, தூக்கத்துக்குன்னு உடம்புல சுரக்குத மெலடோனின் குறைஞ்சு போச்சு, காலையில எந்திரிக்கும்போது மந்தம். இதப் படிச்சுட்டு, பத்து நிமிசந்தானன்னு நீ சொல்லுவே. அந்தப் பன்னெண்டு பேரும் புஸ்தகம் மட்டுந்தாம்லே படிச்சான். உனக்கு அருவா வீடியோ வேற இருக்கே, அதுக்கு எந்த பாஸ்டன்காரன் கணக்குப் போட்டான்?

இவ்வளவு சொன்னதும், தாத்தா கிண்டில்தான் வாங்கச் சொல்லுதாருன்னு அமேசான்ல அமுக்கிராதே. பொறு. இந்த விசயத்துல ஆலோசனை சொல்லுத ஆளுகள்ல பாதிப் பேரு இங்கிலீஷ் புஸ்தகம் படிக்கவன். அவனுக்கு எந்தப் புஸ்தகம் கேட்டாலும் எழுத்து எழுத்தா, நல்ல கோப்பா, தட்டினா வருது. நம்ம கதை அப்பிடியா?

தமிழ்ப் புஸ்தகம் மின்னுல மூணு மாதிரி கெடக்கு. ஒண்ணு, கிண்டில் கடையில விலைக்குக் கெடைக்கது. 2016 கடைசியிலதான் அங்க தமிழுக்குக் கதவத் தொறந்தாவ. இன்னைக்கு நெறைய இருக்கு. நல்லதும் இருக்கு, எழுதினவனே திரும்பப் படிச்சுப் பாக்காததும் இருக்கு. ரெண்டு, எழுத்தாத் தட்டி வச்ச இலவசப் புஸ்தகம். 1998 பொங்கல் அன்னைக்கு சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம்ங்கவர் மதுரைத் திட்டம்னு ஆரம்பிச்சார். ஊரூரா நாடு நாடா இருந்த தமிழாளுக சம்பளம் இல்லாம உக்காந்து தட்டச்சுப் பண்ணிக் குடுத்தாவ. நீ காசு குடுத்து வாங்கி மேசையில அடுக்கியிருக்கியே, அந்தப் பொன்னியின் செல்வனும் அதுல கெடக்கு. கல்கி நூல்லாம் நாட்டுடைமை ஆனதுதான். காப்பிக் கோப்பைக்கு மட்டும் செலவு பண்ணியிருந்தா போதும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்னு இன்னொரு கூட்டம் இருக்கு, அவுக ஒவ்வொரு புஸ்தகத்தையும் ஈபப்பாவும் குடுப்பாவ, இந்தச் சின்னத் திரைக்குன்னே ஆறங்குல பிடிஎஃப்பாவும் குடுப்பாவ. படிக்கவன் கஷ்டம் தெரிஞ்சவங்க.

இந்த ரெண்டு மாதிரிக்கும் கிண்டில் சொக்கத் தங்கம். ஈபப்ப மெயில்ல அனுப்பினாப் போதும், 2022ல இருந்து அதையும் ஏத்துக்கிடுது. எழுத்தப் பெருசாக்கினா வரி தானா மடங்கிக்கிடும். என்ன, தமிழ்ல சொல்லு நீளம். எனக்கு வேணுங்கித அளவுக்குப் பெருசாக்கினா 'கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து'ங்கது ஒரு வரியையே அடைச்சுக்கிடும். அதுக்கு மேல்வரியில ரெண்டே சொல்லு, நடுவுல ஒரு மாட்டு வண்டி திரும்பலாம். பழைய எழுத்துருவுல எவனோ என்னைக்கோ தட்டின கோப்பு ஒண்ணு கெடச்சுதுன்னு வையி, தொறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா மந்திரவாதி எழுதின தகடு மாதிரி நிக்கும். யூனிகோடான்னு பாத்து எறக்கணும். அம்புட்டுத்தான், பெரிய கஷ்டம் இல்லே.

மூணாவது மாதிரிதான் வில்லங்கம். அதுதான் நம்ம உண்மையான சொத்தும். பழைய புஸ்தகத்தப் பக்கம் பக்கமா ஸ்கேன் எடுத்துப் போட்டது. சென்னையில இருக்கிற தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்நூலகத்துக்குள்ள ஒருக்காப் போய்ப் பாரு. எங்க லைப்ரரியில கேட்டு வந்தவனுக்கு இல்லேன்னு நான் கை விரிச்ச புஸ்தகம்லாம் அங்க சும்மா கெடக்கு. சிலோன்காரங்க 2005ல நூலகம்னே பேரு வச்சு ஒண்ணு ஆரம்பிச்சாவ. யாழ்ப்பாணத்து நூலகம் 1981ல எரிஞ்சதக் கண்ட சனம், இனி எரிக்க முடியாத எடத்துல வைப்போம்னு வைக்கி. அங்க ஈழத்துப் பத்திரிகை, சஞ்சிகை, ஊர் மலர், பள்ளிக்கூட மலர் வரைக்கும் இருக்கு. எல்லாம் ஸ்கேன். காகிதத்து மஞ்சள், பூச்சி அரிச்ச ஓட்டை, எவனோ பென்சில்ல போட்ட கோடு, நூலக முத்திரை, எல்லாம் அப்பிடியே இருக்கும்.

இத ஆறங்குலக் கிண்டில்ல தொறந்து பாரு. ஆறங்குலம்ங்கது மூலைக்கு மூலை அளந்தது. அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8 அங்குலம், அம்புட்டுத்தான். நம்ம ஊரு புஸ்தகம் முக்காவாசி டெம்மி அளவு, அஞ்சரைக்கு எட்டரை. அத இதுக்குள்ள தள்ளினா பாதிக்குக் கொஞ்சம் மேல சுருங்கிப் போவும். மஞ்சத் தாளு சாம்பலா மாறும், சாம்பல்ல கறுப்பு எழுத்து முங்கிப் போவும். 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வாரதுக்கு முந்தின அச்சுல 'லை' எழுத்து யானத் தும்பிக்கையோட இருக்கும்லா, அந்த யானை எறும்பாயிரும். பெருசாக்கலாமேன்னு ரெண்டு விரலால இழுத்தா, சிமிட்டி, யோசிச்சு, பாதி வரிய மட்டும் காட்டும். மீதிப் பாதிக்குத் தள்ளணும். ஒரு பக்கம் படிக்கதுக்குள்ள வெத்தலை போட்டுத் துப்பிட்டு வந்துரலாம். ஏழங்குலக் கிண்டில் வாங்கினாலும் பெரிய மாத்தம் இல்லே.

டேப்லெட்டு இங்கதான் ராசா. 10.9 அங்குல ஐபேட்ட எடுத்துக்கோ, அகலம் ஆறுக்கு மேல, உயரம் ஒம்பதுக்குப் பக்கம். டெம்மிப் பக்கம் சுருங்காம, அச்சடிச்ச அளவுலேயே அப்பிடியே உக்காரும். மஞ்சத் தாளு மஞ்சளாவே தெரியும். ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தக் கலர்ல பாக்கணும்னாலும், வாரப் பத்திரிகைய அட்டையோட பாக்கணும்னாலும், பிள்ளைக்குப் பாடப்புஸ்தகம் காட்டணும்னாலும் இதுதான். எட்டங்குல டேப்லெட்டெல்லாம் இந்த வேலைக்கு ரெண்டுங்கெட்டான். பத்துக்கு மேல இருக்கணும். ஆமா, கொரோனா காலத்துல பாப்பா ஆன்லைன் கிளாசுக்குன்னு ஒண்ணு வாங்கினியே, டிவி ஸ்டாண்டுக்கு அடியில கெடக்கே, அது எத்தன அங்குலம்? சும்மாதான் கேக்கேன்.

நீ கேக்காத ஒண்ணையும் சொல்லிருதேன், ஏன்னா இத விக்கவன் சொல்ல மாட்டான். கிண்டில்ல காசு குடுத்து எடுக்கது புஸ்தகம் இல்லே, படிச்சுக்கோன்னு குடுக்கிற அனுமதி. 2009 ஜூலையில என்ன நடந்துச்சுன்னா, உரிமை இல்லாத ஒருத்தன் ஜார்ஜ் ஆர்வெல் புஸ்தகத்த அங்க வித்திருக்கான். தெரிஞ்சதும் அமேசான், வாங்கினவுக கிண்டில்ல இருந்து ராவோட ராவா அதத் தூக்கிட்டான். காசத் திருப்பிக் குடுத்தான், அது வேற. தூக்கினது எந்தப் புஸ்தகம்ங்கே? விலங்குப் பண்ணையும் 1984ம். வீட்டுக்குள்ள கண்ணு வச்சு வேவு பாக்கிற அரசாங்கத்தப் பத்தின கதையத்தான் வீடு புகுந்து எடுத்திருக்கான்! பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் பாடத்துக்கு எழுதி வச்ச குறிப்பெல்லாம் எதுக்கும் ஆகாமப் போச்சுன்னு கோர்ட்டுக்குப் போனான். முதலாளி ஜெஃப் பெஸோஸ் அப்புறம் மன்னிப்புக் கேட்டார். முட்டாத்தனம் பண்ணிட்டோம்ங்கித மாதிரி.

 அதுக்கப்புறம் 2025 பிப்ரவரியில, வாங்கின புஸ்தகத்தக் கம்ப்யூட்டர்ல எறக்கி வயர் வழியா ஏத்திக்கிட இருந்த வழிய அடைச்சிட்டான். எதுக்குன்னு நீயே யோசி. எங்க லைப்ரரியில கூட புஸ்தகத்த எடுத்துட்டுப் போயித் திருப்பிக் குடுக்காதவன் உண்டு, கல்யாணம் ஆகி வெளியூர் போகும்போது சீதனத்தோட கொண்டு போனவளும் உண்டு. வித்தவனே வந்து எடுத்துட்டுப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்லே. இதுல ஒரு லாபமும் இருக்கு, சொல்லாட்டா பாவம். உன் புஸ்தகத்த இரவல் கேட்டு எவனும் வாசல்ல நிக்க மாட்டான். உங்க மூத்த சித்தப்பா என்கிட்ட கொண்டு போனது இன்னும் வரல. அவன் கிட்ட இத நீ சொல்லிராதே, இல்ல, சொன்னாலும் பரவால்ல.

ரெண்டும் கலந்து ஒண்ணு வருதே தாத்தான்னு கேப்பே. வருது. பூக்ஸ்னு சீனாக்காரன் சாமான், மை திரைதான், ஆண்ட்ராய்டும் ஓடும், பத்தங்குலத்துலயும் கெடைக்கும். கிண்டில்காரனும் 2022ல ஸ்க்ரைப்னு பத்தங்குலத்துல ஒண்ணு விட்டான், எழுதவும் செய்யலாம். ஸ்கேனுக்கு உண்மையிலேயே நல்லா இருக்கும். விலைய மட்டும் உன் பொண்டாட்டி முன்னால பாக்காதே. கலர் மையும் வந்தாச்சு. 2024ல கிண்டில்லேயே வந்துச்சு. நாலு தண்ணியில அலசின சேலக் கலரு. எனக்கு அதுல மயக்கம் இல்லே.

விலைன்னதும் ஞாபகம் வருது. ஒரு நல்ல கிண்டிலும் ஒரு நடுத்தர ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு நிக்குது. அதனால, ஒண்ணே ஒண்ணு செய்யுதது எதுக்கு, எல்லாம் செய்யுதத வாங்குவோமேன்னு உனக்குக் கணக்கு ஓடும். அந்தக் கணக்குலதான் உங்க அப்பன் ஒரு தடவ மாவும் ஆட்டி தேங்காயும் துருவி ஜூஸும் பிழியுத மெசின் ஒண்ணு வாங்கினான். உங்க ஆச்சி இப்பவும் அம்மியிலதான் அரைக்கா.

ரெண்டும் வேண்டாம்னு ஒரு வழியும் இருக்கு. 1948லேயே இந்த ராசதானியில பொது நூலகச் சட்டம் போட்டாச்சு. சுதந்திர இந்தியாவுல முதல் சட்டம். நீ கட்டுத வீட்டு வரியோடயே நூலகத்துக்குன்னு ஒரு பங்கு சேத்து வாங்கிட்டுத்தான் இருக்கான். ரசீத எடுத்துப் பாரு. கட்டின காசுக்கு ஒரு நாளாச்சும் போய் உக்காந்தியா? உங்க தெருமுக்குல கிளை நூலகம் இருக்கு, பக்கத்துல பஜ்ஜிக்கடை இருக்கு. பஜ்ஜிக்கடை அண்ணாச்சிக்கு உன் பேரு தெரியுது, நூலகருக்குத் தெரியல.

அப்போ நான் என்னதான் வாங்கன்னு கோவம் வருதுல்லா. சொல்லுதேன். அடுத்து நீ படிக்கணும்னு நெனைக்கிற அஞ்சு புஸ்தகம் பேர ஒரு தாள்ல எழுது. ஆபீஸ்ல பெருமைக்குச் சொல்லுத பட்டியல் இல்லே, நெசமாப் படிக்கப் போறது. அஞ்சும் நாவல், சிறுகதை, கட்டுரை, இங்கிலீஷ் கதை, இப்பிடி எழுத்தா ஓடுததா இருந்தா கிண்டில். இங்கிலீஷ் சொல்லுக்கு விரல வச்சா அங்கேயே அர்த்தம் சொல்லும், எவன்ட்டயும் கேட்டு அசிங்கப்பட வேண்டாம். அஞ்சுல மூணு பழைய ஸ்கேனா, படப்புஸ்தகமா, பத்திரிகையா இருந்தா பத்தங்குலத்துக்கு மேல டேப்லெட்டு. அஞ்சு பேரு எழுத முடியலேன்னா எதுவும் வாங்காதே. அந்தக் காசுக்கு ஆச்சிக்கு ஒரு மூக்குத்தி எடுத்துக் குடு, புண்ணியமாவது சேரும்.

உன் பட்டியல நானே போடுதேன். முதல் பேரு பொன்னியின் செல்வன், முதல் பாகம். ரெண்டாவது, ரெண்டாம் பாகம். அஞ்சாவது வரைக்கும் அப்பிடியே. அதனால உனக்குக் கிண்டில்தான். சின்னதா, விலை குறைஞ்சதா, படிக்க மட்டும் செய்யுததா ஒண்ணு வாங்கு. வாங்கினதும் அந்த டிவி ஸ்டாண்டுக்கு அடியில கெடக்கிற டேப்லெட்டு உனக்கு எதுக்கு? பாப்பாவும் பள்ளிக்கூடம் போயிட்டா. வீட்டுல இருந்தா கண்ணு அங்கதான் போவும், உன் படிப்பு கெட்டுப் போவும். உன் நன்மைக்குத்தான் சொல்லுதேன், அத ஊருக்கு அனுப்பி வச்சிரு. பழசாப் போச்சு, அப்டேட் வரலேன்னு கவலப்படாதே. பிடிஎஃப் தொறந்தாப் போதும். எனக்கு இங்க ஸ்கேன் புஸ்தகம் ஒரு பெரிய பட்டியல் இருக்கு, துபாய் மாமா கிண்டில்ல யானையெல்லாம் எறும்பாத் தெரிஞ்சு கண்ணு வலிக்கி. பத்தங்குலம்னுதானே சொன்னே? சொல்லலையா? சரி, ஸ்கேல வச்சு மூலைக்கு மூலை அளந்து சொல்லு.

கூரியர்ல போடாதே, தூக்கி எறிவான். அம்பாசமுத்திரம் வார பஸ்ல நம்ம கண்டக்டர் பையன் கையில குடு. சார்ஜர மறந்துராதே, பாப்பாட்ட கேட்டு நாலு எண்ணு பூட்டு என்னன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் போடு. அதுல இருக்கிற வீடியோ ஆப், சீரியல் ஆப் எல்லாத்தையும் அழிச்சிட்டு அனுப்பு. ஆச்சி ரொம்ப நாளா, கோயில் திருப்பணிக்குப் போனப்போ விட்டுப்போன சீரியல் எபிசோடெல்லாம் பாக்க ஒரு சாமான் வேணும்னு புலம்பிக்கிட்டிருக்கா. அவ கையில சிக்கினா அப்புறம் எனக்குத் திரும்ப வராது. அதனால பெட்டி மேல 'கிண்டில்'னு கொட்டை எழுத்துல எழுதிரு. கேட்டா, படிக்க மட்டும் செய்யும், வேற ஒண்ணும் ஓடாதுன்னு நீயும் சொல்லணும், நானும் சொல்லுவேன்.